சும்மா வந்தவர்

மாமாவுக்கு முகங்கள் நினைவில் நிற்காது. கண்ணாடிகள்தான் நிற்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார் என்றால் யார் என்பார். தடித்த கறுப்பு பிரேம், இடது தண்டு கடித்துக் கடித்து வெளுத்திருக்குமே என்றால், "அவரா, நல்ல மனுஷனாச்சே" என்பார். தண்டு என்பது காதில் மாட்டுகிற கால். பேசும்போது அதைக் கழற்றிக் கடிப்பவர்கள், துடைக்கும்போது திருகிவிடுபவர்கள், தலைக்கு அடியில் வைத்துத் தூங்குபவர்கள் என்றே உலகத்தை அவர் பிரித்து வைத்திருந்தார்.

என் அக்காவின் கணவர் அவர். பழைய ஊரில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். கடை என்றால் இரண்டு நாற்காலியும் ஒரு கண்ணாடி அலமாரியும்தான். தெருவில் போகிறவர்கள் பேசிக்கொண்டே உள்ளே வருவார்கள், பேசிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி நீட்டுவார்கள். மாமா பேச்சை விடாமல் அதை வளைத்து, நிமிர்த்தி, ஊதித் திருப்பிக் கொடுப்பார். கொடுத்ததை அவரும் கவனிக்கமாட்டார், வாங்கியதை அவர்களும் கவனிக்கமாட்டார்கள். அவருக்கு எத்தனை சிநேகிதர்கள் என்று அப்போது கேட்டிருந்தால் முழித்திருப்பார். தண்ணீர் குழாயைத் திறந்தால் வருவதுபோல மனிதர்கள் வந்துகொண்டிருந்தார்கள். எண்ணிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இந்தப் பெரிய ஊரின் ஆஸ்பத்திரியில் அந்தப் பிரிவுக்கே தலைமைப் பொறுப்பு கிடைத்தது. மாமாதான் முதலில் குதித்தார். "போகலாம். கண்ணு கெட்டவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க" என்றார். ஏற்கெனவே இங்கே வேலையில் இருந்த நானும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டின் சின்ன அறைக்குக் குடிபோனேன்.

கண்ணு கெட்டவர்கள் இருந்தார்கள்தான். மாமாவால் அவர்களைப் பார்க்க முடியவில்லை. வேலை கிடைத்தது பளபளவென்ற ஒரு பெரிய கண்ணாடிக் கடையில். வேலை நடந்தது அதன் முதுகுப்புறத்தில், ஜன்னலில்லாத ஓர் அறையில். பிளாஸ்டிக் தட்டில் லென்ஸும் பிரேமும் வரும், கூடவே ஒரு சீட்டு. தேய்த்து, வெட்டி, பொருத்தி அனுப்பினால் தட்டு போய்விடும். எந்த மூக்குக்கு, எந்தக் காதுக்கு என்று தெரியாது. கூட வேலை செய்தவர்கள் நல்ல பிள்ளைகள். காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, மாமா ஏதாவது கேட்டால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றி, "சொல்லுங்க சார்" என்பார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை யாரோ சார் என்று கூப்பிட்டார்கள். அது அவரைக் கொஞ்சம் பயமுறுத்தியது.

மெல்ல மெல்ல அவர் பேச்சு சுருங்கியது. அக்கா ஆஸ்பத்திரிக் கதை சொன்னால் "ம்" என்பார். முன்பெல்லாம் அந்த "ம்"முக்குள் ஒரு கேள்வி இருக்கும். இப்போது அது கதவைச் சாத்துகிற சத்தமாக இருந்தது. ஒரு நாள் லிப்டுக்குள் தனியாக நின்று, மாடி எண் எரியும் பலகையைப் பார்த்து, "என்னப்பா, இன்னைக்கு மெதுவா வர்ற" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி படியேறிப் போனேன்.

அந்தச் சமயத்தில்தான் கூட்டாளி போன் செய்தார். கடையின் வாடகைப் பத்திரத்தை வருஷக் கடைசியில் புதுப்பிக்க வேண்டும். மாமாவின் நாற்காலி இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. "என் தங்கச்சி மகன் கேக்கறான், ஆனா நீ திரும்பி வர்றதா இருந்தா குடுக்கமாட்டேன், யோசிச்சுச் சொல்லு" என்றார்.

அன்று சாப்பிடும்போது மாமா ஆரம்பித்தார். "நான் ஒண்ணு சொல்றேன், கோவப்படாத."

"இப்படி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வரும். சொல்லுங்க" என்றாள் அக்கா.

"வருஷக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அதுக்குள்ள இந்த ஊர்ல எனக்குன்னு ஒரு ஆளு கிடைக்கலேன்னா, நான் கடைக்கே போயிடறேன். நீ இங்க இரு. லீவுக்கு லீவு வரேன்."

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். "அப்ப நான் ஆளு இல்லையா?"

"நீ என் பொண்டாட்டி."

"அது ஆளுல சேராதா?"

"பொண்டாட்டியப் பத்தி குறை சொல்லணும்னா யார்கிட்ட சொல்றது? அதுக்கு ஒரு ஆளு வேணும்ல."

"இதோ உங்க மச்சான் உக்காந்திருக்கான். அவன்கிட்ட சொல்லுங்க."

"அவன் உன் தம்பி, நேரா உன்கிட்ட வந்து ஒப்பிப்பான். அதுவும் இல்லாம, அவன் வாயத் திறந்து பதில் சொல்றதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயிடுவேன்."

நான் தட்டைப் பார்த்துச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. பாத்திரம் கழுவும்போது வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சத்தம் கேட்டது. பிறகு என்னிடம் வந்து ஈரக்கையோடு நின்றாள். "போயிடுவார்டா. விளையாட்டுக்குச் சொல்ற மனுஷன் இல்ல. நான் இந்த வேலைய விட்டா எனக்கு ஆறாது, அவர் போனா இந்த வீடு வீடா இருக்காது. எப்படியாவது அவருக்கு ஒரு ஆளு கிடைக்கணும்."

மாமா இதை ஒரு வேலையாக எடுத்துக்கொண்டார். லென்ஸைத் தேய்க்கிற மாதிரி, கொஞ்சம் தேய்ப்பது, பிரேமில் வைத்துப் பார்ப்பது, பொருந்தாவிட்டால் மறுபடி தேய்ப்பது.

முதலில் பூங்காவில் நடக்கிறவர்களோடு சேர்ந்தார். அவர்கள் வேகமாக நடந்தார்கள், சர்க்கரை அளவைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தனக்குச் சர்க்கரை இல்லை என்று மாமா சொன்னதும் அவர்களுக்கு அவரிடம் சுவாரசியம் போய்விட்டது. அடுத்து எங்கள் அடுக்குமாடியின் வாட்ஸ்அப் குழு. தினமும் காலை வணக்கம் போட்டார். பதிலுக்கு ஒரே ஒரு கட்டைவிரல் வந்தது, அதுவும் வாட்ச்மேனுடையது. அடுத்து பூப்பந்து. அந்தக் குழுவில் ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள், ஆட்டத்துக்கும் நாலு பேர்தான் தேவை. மாமா ஓரமாக நின்று, வெளியே விழுந்த பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டாவது வாரமும் போனார். மூன்றாவது வாரமும்.

"எதுக்கு மாமா இன்னும் போறீங்க?" என்று கேட்டேன்.

"யாருக்காவது கால் சுளுக்கும்ல" என்றார். பிறகு செருப்பைக் கழற்றியபடி சொன்னார்: "எல்லாருக்கும் ஏற்கெனவே ஆளு இருக்கு மச்சான். நம்ம வயசுல எல்லாரும் ரொம்பி வழியற பஸ்ஸு மாதிரி. ஏறக் கூடாதுன்னு யாரும் சொல்லல. ஆனா தொங்கிக்கிட்டுதான் வரணும்."

ஒரு சனிக்கிழமை காலை நானும் அவரும் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் கூரையில் பலகை மாட்டிய டிரைவிங் ஸ்கூல் கார் ஒன்று நின்றது. அதன் மேல் சாய்ந்தபடி, ஓட்டப் பழக வரும் யாருக்கோ காத்திருந்தார் மாஸ்டர். மாமா வயதிருக்கும். கடுகடுவென்ற முகம். அந்த முகத்தில், அடியில் படிக்கிற வட்டம் பதித்த தடித்த கண்ணாடி, வலது பக்கம் நன்றாகச் சரிந்து, சுவரில் கோணலாக மாட்டிய படம்போல உட்கார்ந்திருந்தது.

மாமா அதைப் பார்த்துவிட்டார். பார்க்காமல் இருக்க முயன்றதையும் பார்த்தேன். பஸ் வரும் திசையைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், மறுபடி கண்ணாடியைப் பார்த்தார். பழைய ஊரின் பழக்கம் விரல்களுக்குள் அரித்திருக்க வேண்டும். "ஒரு நிமிஷம்" என்றபடி நேராகப் போய் அந்த மனிதரின் முகத்துக்குக் கையை நீட்டினார்.

மாஸ்டர் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "ஏய், யாரு நீ?"

நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. நான் ஒரு தூணுக்குப் பின்னால் ஒல்லியாக முயன்றேன்.

"கண்ணாடி சார், கோணலா இருக்கு. நான் கண்ணாடி வேலை பாக்கறவன்."

மாஸ்டருக்குக் கோபத்தைவிடக் குழப்பம் அதிகமாகிப் பிடி தளர்ந்தது. மாமா அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றி, கட்டைவிரலால் தண்டின் மடிப்பில் ஓர் அழுத்து, கண் மட்டத்தில் தூக்கிப் பிடித்து இன்னோர் அழுத்து, திரும்ப மாட்டிவிட்டார். அதற்குள் ஓட்டப் பழகும் அம்மா வந்துவிட, மாஸ்டர் எதுவும் புரியாமல் காரில் ஏறிப் போனார்.

"பாத்தியா மச்சான், முகமே நேராயிடுச்சு" என்றார் மாமா. அவர் அப்படிச் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

மறுநாள் அதே இடத்தில் மாஸ்டர் நின்றிருந்தார். பழக வருபவருக்காக மட்டும் இல்லை, மாமாவுக்காகவும்.

"நீதானே அந்தக் கண்ணாடி?" என்று தோளைப் பிடித்துக் காரின் முன்பக்கம் இழுத்துப் போனார். ஒரு விளக்கு உடைந்து, உள்ளே பல்பு மட்டும் விழித்துக்கொண்டிருந்தது. "பாரு, நல்லாப் பாரு. யாரு உன்னை நேர் பண்ணச் சொன்னது? நான் என்ன பொண்ணு பாக்கவா போறேன்?"

"கோணலா இருந்துச்சு சார்..."

"கோணலா வெச்சதே நான்தான்யா! பழகறவங்க கால் பிரேக்குல இருக்கா ஆக்சிலேட்டர்ல இருக்கான்னு ஓரக்கண்ணால பாத்துக்கிட்டே இருக்கணும். கீழ பாத்தா இந்தப் படிக்கிற வட்டம் குறுக்க வந்து நிக்குது. எல்லாம் சேத்துத் தண்ணி மாதிரி கலங்குது. அதனால அந்தப் பக்கத்தை மட்டும் இறக்கி வெச்சிருந்தேன். வட்டம் கீழ போயிடும், மேல் கண்ணாடி வழியா கால் பளிச்னு தெரியும். நீ வந்து நிமித்திட்டுப் போயிட்ட. அந்தம்மா பிரேக்குன்னு நெனச்சு மத்ததை மிதிச்சாங்க. நான் சுதாரிச்சு என் பக்கத்து பிரேக்கை அமுக்கறதுக்குள்ள குப்பைத் தொட்டி வந்திடுச்சு."

இப்படி ஒரு கோணலை மாமா தன் தொழிலில் கண்டதில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். அவர் குனிந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"நான் ஒரு தடவை பின்னாடி உக்காந்து பாக்கலாமா?"

"எதுக்கு? இன்னொரு விளக்கு மிச்சம் இருக்குன்னா?"

"நீங்க எங்க பாக்கறீங்கன்னு பாக்கணும்."

மாஸ்டர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பைத்தியத்தோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ, கதவைத் திறந்துவிட்டார்.

அன்றைய வகுப்பு முழுக்க மாமா பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்து, முன்னால் தொங்கிய கண்ணாடியில் தெரிந்த மாஸ்டரின் கண்களையே பார்த்துக்கொண்டு போனார். வகுப்பு முடிந்ததும் மாஸ்டரை அசையாமல் உட்காரச் சொல்லி, பெடலைப் பார்க்கச் சொல்லி, அவர் பார்வை கடந்த இடத்தில் லென்ஸ் மேலேயே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். தெருவைப் பார்க்கும்போது ஒன்று, கையிலுள்ள காகிதத்தைப் படிக்கும்போது ஒன்று. அடுத்த வாரம் புதுக் கண்ணாடி தயாரானது. படிக்கிற வட்டத்தைச் சின்னதாக்கி, மூக்கோரமாக அடியில் ஒதுக்கியிருந்தார். மாஸ்டர் மாட்டிக்கொண்டு காரில் உட்கார்ந்தார். முகம் நேராக இருந்தது. கால் தெரிந்தது.

"அட" என்றார்.

"உடைஞ்ச விளக்குக்கும் இதுக்கும் சரியாப் போச்சு" என்றார் மாமா.

சரியாகித்தான் போனது. அதுதான் சிக்கல். இனி அவரைப் பார்க்க மாமாவுக்கு ஒரு காரணமும் மிச்சமில்லை.

காரணங்களை உண்டாக்க ஆரம்பித்தார். திருகு தளர்ந்திருக்கும், முறுக்கிவிடுகிறேன் என்று ஒரு சனிக்கிழமை. மூக்கில் பதியும் ரப்பரை மாற்ற ஒரு சனிக்கிழமை. துடைக்கும் துணி கொடுக்க இன்னொன்று. சட்டைப் பையில் குட்டித் திருப்புளி எப்போதும் இருந்தது. மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் தருவார், மாமா முறுக்குவார், மாஸ்டர் நன்றி என்பார், கார் கிளம்பிவிடும். வீட்டுக்கு வந்து மாமா பெருமையாகச் சொல்வார்: "இன்னைக்கு வெயிலப் பத்தி ஒரு வார்த்தை பேசினார்."

"அந்தக் கண்ணாடில எத்தனை திருகுதான் இருக்கு?" என்றாள் அக்கா. "இப்படியே போனா, திருகு கழண்டது கண்ணாடிக்கில்ல, இவருக்குத்தான்னு நெனச்சுக்கப் போறார்."

அவள் வாய் பலித்த மாதிரி, ஆண்டின் கடைசி மாதம் தொடங்கியபோது மாஸ்டர் சொல்லிவிட்டார். "கண்ணாடி ரொம்ப நல்லா இருக்குங்க. இனிமே நீங்க இதுக்காக இவ்வளவு தூரம் அலைய வேண்டாம்."

மரியாதையாகச் சொன்னார். மரியாதைதான் மாமாவை அடித்துப் போட்டது. "என்னை நீங்கன்னு சொன்னார்" என்று வந்து உட்கார்ந்தார். போனை எடுத்துக் கூட்டாளியின் எண்ணைத் தேடினார். விரல் திரையின் மேலேயே நின்றது.

அக்கா அவர் முன்னால் வந்து உட்கார்ந்தாள். "உங்க கூட்டாளி கடை இல்லாத நாள்லகூட உங்களப் பாக்க வந்தாரே, திருகு முறுக்கவா வந்தார்?"

"அது வேற."

"என்ன வேற? போய் உள்ளதச் சொல்லுங்களேன். உங்ககூட பேசத்தான் வந்தேன்னு."

"இந்த வயசுல அதை எப்படிச் சொல்றது? பொண்ணுகிட்ட காதலைச் சொல்ற மாதிரி இருக்கு."

"அதையாவது என்கிட்ட சொன்னீங்களா? எங்க அப்பாகிட்ட ஆளுதானே அனுப்பினீங்க. இதுக்கு ஆளு அனுப்ப முடியாது. நீங்கதான் போகணும்."

மாமா போனைக் கவிழ்த்து வைத்தார். அடுத்த சனிக்கிழமை காலை குளித்து, சட்டை மாட்டி, பையிலிருந்த திருப்புளியை எடுத்து மேஜை மேல் வைத்தார். துடைக்கும் துணியையும் எடுத்து வைத்தார். உள்ளே ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டார். "நீயும் வா மச்சான். பக்கத்துல நிக்க வேண்டாம். சும்மா கண்ணுக்கெட்டற தூரத்துல நில்லு" என்றார். பேச்சில்லாத ஆள் என்பதால் அந்த வேலைக்கு நான் பொருத்தம்தான்.

நான் நிறுத்தத்தின் மறுமுனை இருக்கையில் உட்கார்ந்தேன். மாஸ்டர் காரில் சாய்ந்து நின்றார்.

"என்ன, திருகா?"

"இல்ல."

"ரப்பரா?"

"இல்ல."

"அப்புறம்?"

ஒரு பஸ் வந்து நின்று, கதவைத் திறந்து, ஆட்களை இறக்கி, மூடிக்கொண்டு போனது. அதுவரை மாமா நின்றுகொண்டே இருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சும்மா வந்தேன்" என்றார்.

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். நான் இந்த ஊருக்குப் புதுசு. எனக்கு இங்க யாரையும் தெரியாது, உங்களைத் தெரியும். கொஞ்ச நேரம் பேசிட்டுப் போலாம்னு வந்தேன். பிடிக்கலேன்னா சொல்லிடுங்க, இப்பவே போயிடறேன். ஆனா திருகு, ரப்பர்னு இனி பொய் சொல்லிக்கிட்டு வரமாட்டேன்."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். சட்டையால் துடைத்தால் லென்ஸ் கீறிப்போகும். மாமாவின் விரல்கள் துடித்ததை இங்கிருந்தே பார்த்தேன். ஒன்றும் சொல்லாமல் பொறுத்துக்கொண்டார்.

"எனக்கு இப்ப கிளாஸ் இருக்கு" என்றார் மாஸ்டர்.

மாமா தலையாட்டினார். திரும்பி நடக்கப் பார்த்தார்.

"எங்க போற? பின்னாடி ஏறு. ஆனா வாயத் திறக்கக் கூடாது, அந்தம்மா பயந்துக்குவாங்க."

அந்த "நீங்க" போய்விட்டிருந்தது. மாமா கதவைத் திறக்கும் அவசரத்தில் தலையை இடித்துக்கொண்டார்.

மதியம் வீடு திரும்பியபோது அவர் முகம் வெளுத்திருந்தது. "என்ன பேசினீங்க?" என்று அக்கா தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க பேசறது? அந்தம்மா ரிவர்ஸ் எடுத்தாங்க. உயிரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்." குடித்து முடித்ததும் சிரித்தார். "கிளாஸ் முடிஞ்சப்புறம்தான் பேச்சே. அந்தாளு வண்டியில ஒரு நாள் பூரா பிரேக்கு, கிளட்சு, இடது பக்கம், இதைத்தான் பேசறானாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனா வேற வார்த்தையே வரலங்கறான். அவனும் வெளியூர்லேர்ந்து வந்தவன்தான். பழகிக் குடுத்தவங்க லைசென்ஸ் வாங்கினதும் போயிடுவாங்களாம், ரோட்டுல பாத்தாக்கூட ஹார்ன் அடிச்சிட்டுப் போவாங்களாம். பாஸ் ஆகாதவங்கதான் எனக்குச் சொந்தக்காரங்கன்னான். அந்தம்மா இன்னும் பாஸ் ஆகக் கூடாதுன்னு அவன் வேண்டிக்கிட்டிருக்கான், தெரியுமா?"

எல்லாம் அன்றோடு வழுக்கிக்கொண்டு ஓடவில்லை. அடுத்த சனிக்கிழமை மாஸ்டர் வரவேயில்லை. மாமா வெயில் ஏறும்வரை நின்றுவிட்டு வந்து, யாருடனும் பேசாமல் படுத்துக்கொண்டார். மாஸ்டருக்குக் காய்ச்சல். அதைச் சொல்ல இருவரிடமும் மற்றவரின் போன் நம்பர் இல்லை. இத்தனை நாளில் அதைக் கேட்கத் தோன்றவில்லை இரண்டு பெரிய மனிதர்களுக்கும். அதற்கடுத்த வாரம் ஒரு கட்சி விவகாரத்தில் வாக்குவாதம் முற்றி, மாஸ்டர் மாமாவை வழியிலேயே இறக்கிவிட்டார். மாமா நடந்து வீட்டுக்கு வந்தார். "சுத்த முட்டாள்" என்று வைதுகொண்டே வந்தார். அந்த வசவைக் கேட்டதும் அக்காவின் தோள்கள் தளர்ந்து இறங்கின. அந்நியரை யாரும் அவ்வளவு உரிமையோடு வைவதில்லை.

வருஷம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போது கூட்டாளி கூப்பிட்டார். மாமா காய் நறுக்கிக்கொண்டிருந்தார். கை ஈரமாக இருந்ததால் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தார். அக்கா அடுப்பைத் தணித்தாள்.

"என்னய்யா முடிவு பண்ணின?"

"நாற்காலிய உன் தங்கச்சி மகனுக்கே குடுத்துடு."

"அப்ப ஆளு கிடைச்சாச்சு."

"கிடைச்சாச்சு."

"எப்படி, என்னை மாதிரியா?"

"உன்ன மாதிரி இல்ல. சிடுசிடுன்னு இருப்பான். போன வாரம் நடுரோட்டுல இறக்கி விட்டுட்டான்."

"அப்புறம் என்னத்துக்குய்யா அவன்?"

மாமா கத்தியை நிறுத்தினார். யோசித்தார். "போய் நின்னா, என்ன விஷயம்னு கேக்கறதில்ல."

"நான் எப்பவாவது கேட்டிருக்கேனா?" கூட்டாளியின் குரல் கொஞ்சம் உடைந்திருந்தது.

"நீ கேட்டதே இல்ல. அதனாலதான் இப்படி ஒண்ணு வேணும்ங்கறதே எனக்குத் தெரியாம இருந்துச்சு."

அந்தப் பக்கம் யாரோ கடைக்குள் வந்து ஏதோ கேட்டார்கள். கூட்டாளி அவர்களை இருக்கச் சொன்னது கேட்டது. பிறகு, "அந்த மூஞ்சிய நானும் ஒரு தடவை பாக்கணும். அடுத்த வாரம் வரேன்" என்றார்.

"வா. ஆனா சொல்லிட்டு வா" என்றார் மாமா, கத்தியை மறுபடி எடுத்துக்கொண்டு. "சனிக்கிழமை காலைல நான் வீட்ல இருக்க மாட்டேன்."